முட்டை ஓட்டு கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மூன்றாம் முறையிலேயே படுத்துவிடுகிறது, ஏன்?

நாமக்கல் மாணவி:
எம்.எஸ்சி. புராஜெக்ட். எங்கள் ஊரில் முட்டை ஓட்டுக்குப் பஞ்சமா? பேக்கரியில் ஒரு வாளி வாங்கி, உள்சவ்வை உரித்து, கழுவி அரைத்து, 900 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டேன். வெள்ளை வெளேரென்று கால்சியம் ஆக்சைடு கிடைத்தது. அதைக் கேட்டலிஸ்டாக வைத்து எத்தனாலில் பென்சால்டிஹைடையும் மலோனோநைட்ரைலையும் இணைக்கும் நோவெனாகல் வினை செய்தேன். முதல் முறை யீல்டு (கிடைத்த விளைபொருள்) 92 சதவீதம். வடிகட்டி, எத்தனாலில் கழுவி, ஓவனில் காயவைத்துத் திரும்பப் போட்டால் 84. மூன்றாவது 57தான்.

அம்மா ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. நொய்யலில் வந்த சாயத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த வினைக்கு வழக்கமான திரவக் கேட்டலிஸ்டான பிப்பெரிடின் போட்டால் அதைப் பிரிக்க அமிலம், அப்புறம் கழுவுநீர் என்று போகும். அது இல்லாமல் செய்துகாட்ட வேண்டும் என்று ஆசை. எங்கே தப்பு, சொல்லுங்க.

கோபி, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
அம்மிணி, ஓவனில் காய்ந்த பொடியை வெளியில் வைத்தீர்களா? சுண்ணாம்பு என்ன செய்யுமோ அதைத்தான் இதுவும் செய்யும். ஈரத்தை இழுத்து ஹைட்ராக்சைடாகும், காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துப் பழையபடி கார்பனேட்டாகும். சுட்டதும் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) வையுங்க.

இன்னொன்று, பென்சால்டிஹைடு பாட்டில் எவ்வளவு பழசு? திறந்து திறந்து மூடினால் காற்றுப் பட்டு பென்சாயிக் அமிலம் உண்டாகும். அது கேட்டலிஸ்டின் காரத்தைத் தின்றுவிடும். பலரும் முட்டை ஓட்டைக் குறை சொல்வார்கள், பாட்டிலைப் பார்க்க மாட்டார்கள்.

பெருந்துறைக்காரன்:
ஐயா சொன்னது சரிங்க. கூடவே ஒன்று: வினை பாதியில் இருக்கும்போது சூடாகவே வடிகட்டி, பொடியில்லாத கரைசலை மட்டும் தொடர்ந்து கலக்கிப் பாருங்க. டிஎல்சியில் (கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் தகட்டுச் சோதனையில்) வினை இன்னும் தொடர்வது தெரிந்தால் கால்சியம் கரைந்து போய் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அதைத் திட வினையூக்கி என்று எழுதுவதே தப்பு. வடிதாளில் ஒட்டிப்போகும் பொடியையும் எடை பாருங்க. ஒவ்வொரு முறையும் 900 டிகிரிக்குப் போவதும் பசுமை ஆகாது. 100 கிராம் ஓட்டுக் கார்பனேட்டைச் சுட்டால் 44 கிராம் கரியமில வாயுவாகத்தான் போகிறது. அதையும் அறிக்கையில் எழுதிவிடுங்க.

நாமக்கல் மாணவி:
இன்று லேபில் பார்த்தேன் ஐயா. பாட்டில் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் படிகம். நாளை பென்சால்டிஹைடைக் காய்ச்சி வடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். அண்ணா சொன்ன சூட்டு வடிகட்டலும் செய்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.