முதியோர் இல்லங்களில் கோவிட் காலம்: மேட்ரன்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

சாட்ஸ்வொர்த், செவிலியர்:

தென்னாப்பிரிக்காவின் முதல் கோவிட் தொற்று 2020 மார்ச் 5 அன்று நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில்தான் உறுதியானது. மார்ச் 27இல் ஊரடங்கு வருவதற்கு முன்பே எங்கள் மேட்ரன் (இல்லத்தின் தலைமைச் செவிலியர்) பார்வையாளர்களை நிறுத்திவிட்டார். வாசலில் நின்று திட்டாத உறவினர் இல்லை. ஆனால் அவருக்கு எங்களை நினைத்துத்தான் அதிகப் பயம். மினிபஸ் டாக்ஸியில் நெருக்கியடித்து வருகிறவர்கள் நாங்கள். ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வரும் ஆட்களோ பகலில் ஓர் இல்லம், இரவில் வேறொன்று. "இங்கே வேலை என்றால் இங்கே மட்டும்" என்றார். வருமானம் போகிறதே என்று முணுமுணுப்பு எழுந்தது. கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தார்; நிர்வாகக் குழுவோடு மல்லுக்கட்டி வேனும் வாங்கித் தந்தார்.

காய்ச்சலை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முதியவர்கள் பலருக்குக் காய்ச்சலே வராது. சாப்பாட்டை ஒதுக்குவார்கள், பிதற்றுவார்கள், தடுமாறி விழுவார்கள். ஆடி மாதம், முதல் அலை உச்சத்தில் இருந்த நேரம். மாரியம்மன் கூழ் என்றால் உயிரை விடும் ஒரு பாட்டி கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். உடனே விரலில் ஆக்சிமீட்டரை மாட்டச் சொன்னார் மேட்ரன்: ஆக்சிஜன் அளவு 86 சதவீதம்தான். மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்துவிட்டார்.

மறதி நோயாளிகளை அறைக்குள் அடைக்க முடியுமா? பின்கட்டையே அவர்கள் நடமாட விட்டு, குறிப்பிட்ட சில பராமரிப்பாளர்களை மட்டும் அங்கே வைத்தார்.

பீனிக்ஸ், ஒரு மகள்:

கொடுத்து வைத்தவர்கள் அக்கா நீங்கள். என் அம்மா இருந்த இல்லத்தில் விதியைக் காட்டிக் கதவை மூடினார்கள், அதோடு சரி. போன் எடுக்க ஆளில்லை. அம்மா இறந்த செய்திதான் முதலில் வந்தது. சவச்சடங்கில் 50 பேருக்கு மேல் கூடாது என்ற காலம். கருமாதியை வாட்ஸ்அப்பில்தான் உறவினர்கள் பார்த்தார்கள். நோய் வந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. பேசாமல் இருந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற மேட்ரன்:

தங்கச்சி, உங்கள் கோபம் நியாயம். ஆனாலும் மேட்ரன் தரப்பையும் கேளுங்கள். பணியாளர்களில் பாதிப்பேர் தொற்றுக்காகத் தனிமைப்படுத்தலில் இருந்தபோது நானே படுக்கை மாற்றினேன். அப்போதுதான் போன் பேசும் வேலையைத் தொற்றிலிருந்து மீண்டுவந்த ஒரு செவிலியரிடம் முழுமையாக ஒப்படைத்தேன். முன்பே செய்திருக்கக்கூடிய ஏற்பாடுதான், எத்தனை இல்லங்களில் செய்தார்கள்?

2021 பிப்ரவரி 17இல் சிசோன்கே திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கோவிட் தடுப்பூசி தொடங்கியது. தயங்கியவர்களை நான் அதட்டவில்லை. முதல் ஆளாகப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தேன். மே 17 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் கிடைத்தது. மூச்சு விடலாம் என்று பார்த்தால், ஜூலையில் குவாசுலு-நாட்டாலை உலுக்கிய கலவரம்! சாலைகள் அடைபட்டு, இரவுப் பணிக்கு வந்தவர்களே மறுநாளும் நின்றார்கள். டயப்பரைக்கூட எண்ணித்தான் கொடுத்தோம்.