உதவி தேவை: பை நிறையப் பொருள் இருந்தும் உன்னிச்சையிலிருந்து சைக்கிளைத் தள்ளிவந்தோம்; குடும்பிமலைக்கு எவற்றை எடுத்துச் செல்வது?

வாவிக்கரை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு நகரில் வசிக்கும் ஆசிரியை. சில மாதங்களுக்கு முன்னர் 27.5 அங்குலச் சக்கரங்கள் கொண்ட, பாவித்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். என் தம்பியிடம் 26 அங்குலச் சைக்கிள் இருக்கிறது. கடந்த சனிக்கிழமை இருவரும் வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம் வரை சென்றோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும் வழியில், வாய்க்கால் ஓரக் கிரவல் பாதையில் இருந்த ஒரு கல்விளிம்பில் என் பின்சக்கரம் மோதியது. சில விநாடிகளில் காற்று முழுவதும் இறங்கிவிட்டது.

என் முதுகுப் பையில் புதிய டியூப் ஒன்று இருந்தது. ஆனால் அதன் வால்வு தடித்தது. என் சக்கர விளிம்பின் துளையோ ஒடுங்கியது. எவ்வளவு முயன்றும் உள்ளே போகவில்லை. பழைய டியூபுக்கே ஒட்டுப் போடலாம் என்று பெட்டியைத் திறந்தால், ஒட்டும் பசையான சொலூஷன் குழாய்க்குள்ளேயே இறுகிக் கிடந்தது. அப்பாவின் ஸ்பானர் தொகுதி முழுவதையும் சுமந்து சென்றிருந்தேன். அதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. நண்பகலுக்குள் தண்ணீரும் முடிந்துபோனது. மீன் குழம்போடு கட்டிச் சென்ற சோற்றுப் பொதி வெயிலில் புளித்துவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அனலாய் அடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் சைக்கிளைத் தள்ளிய பின்னர், நெல் மூட்டை ஏற்றிவந்த உழவு இயந்திரக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தபோது, தண்ணீர் தீர்ந்த பிறகும் பை ஆறு கிலோவுக்கு மேல் இருந்தது. புறப்படும்போது ஒன்பது கிலோவுக்குக் குறையாமல் இருந்திருக்கும். அடுத்ததாகக் கிரான் வழியாகக் குடும்பிமலைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். அந்தப் பக்கம் கடைகள் குறைவு என்பதால் இன்னும் கூடுதலான பொருட்கள் தேவைப்படும் என்று அஞ்சுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அக்கரைப்பற்றுச் சக்கரம்

தங்கச்சி, பட்டியல் தருவதற்கு முன்னர் இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். டியூபில் இருந்த ஓட்டை எத்தகையது? ஊசி குத்தியதுபோல் ஒற்றைப் புள்ளியா, அல்லது அருகருகே இரண்டு சிறு கீறல்களா? மற்றது, புறப்படும்போது டயரில் எவ்வளவு காற்று இருந்தது? நான் இருபது வருடங்களாகச் சைக்கிள் திருத்துகிறவன். ஓட்டையைப் பார்க்காமல் மருந்து சொல்வதில்லை.

வாவிக்கரை ஆசிரியை

காக்கா, இப்பொழுதுதான் வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன். அருகருகே இரண்டு கீறல்கள், இரண்டும் ஒரே நீளம். காற்றின் அளவை நான் அளக்கவில்லை. மென்மையான டயர் கிரவலில் நன்றாகப் பிடிக்கும் என்று ஒருவர் கூறியதால், பெருவிரலால் அழுத்தினால் எளிதாக உள்வாங்கும் அளவுக்கே அடித்திருந்தோம்.

அக்கரைப்பற்றுச் சக்கரம்

அப்படியானால் இது முள்ளால் வந்ததன்று. இரட்டைக் கீறலைப் பாம்புக் கடி என்று சொல்வார்கள். காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதும்போது, டியூப் கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே நசுங்கி, விளிம்பின் இரு ஓரங்களிலும் வெட்டுப்படுகிறது. மென்மையான டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. முதுகில் இருந்த பாரத்தில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மீதே இறங்கியிருக்கும். மேடு பள்ளத்தில் எழுந்து நின்று உடலைத் தூக்கிக்கொள்ளவும் அந்தச் சுமை உங்களை விட்டிருக்காது. தற்காப்புக்காகக் கொண்டுபோன பைதான் உங்கள் டியூபை வெட்டியது என்றே நான் சொல்வேன்.

ஏறத்தாழ 2.1 அங்குல அகலமான டயரில் டியூப் போட்டு ஓடுகிறீர்கள் என்றால், பின்சக்கரத்தில் காற்றழுத்தம் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரையும், முன்சக்கரத்தில் அதிலும் இரண்டு மூன்று குறைவாகவும் வையுங்கள். பெருவிரல் கணக்கு நம்பத்தக்கதன்று. சிறிய காற்றுமானி ஒன்று வாங்குங்கள். அதை வீட்டில் வைத்தாலே போதும், பையில் ஏற்ற வேண்டியதில்லை.

இனி வால்வுக்கு வருவோம். உங்கள் சக்கரத்தில் இருப்பது பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு. அதற்கான துளை ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றர். நீங்கள் வாங்கியது கார் வால்வு டியூப், அதற்கு 8.5 மில்லிமீற்றர் துளை வேண்டும். மெல்லிய வால்வைப் பெரிய துளையில் ஒரு வளையம் வைத்துப் பொருத்தலாம், ஆனால் தடித்த வால்வைச் சிறிய துளையில் நுழைக்க முடியாது. ஆகவே உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு டியூப் கொண்டுபோக விரும்பினால், 26 அங்குல, மெல்லிய வால்வு டியூபை வாங்குங்கள். அவசரத்துக்கு அது 27.5 அங்குலச் சக்கரத்திலும் இழுபட்டுப் பொருந்தும். இருந்தாலும் அவரவர் அளவுக்கு ஒவ்வொன்று வைத்திருப்பதே நல்லது.

பித்தளையாலான சிறு அடாப்டர் ஒன்றும் தேவை. மெல்லிய வால்வின் நுனித் திருகைத் தளர்த்திவிட்டு அதன்மேல் இதைத் திருகினால், மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் எந்தக் கடையிலும் உங்கள் சக்கரத்துக்கும் காற்று அடிக்கலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு திருத்தகம் அகப்பட்டாலும், வால்வுக்குள் வால்ட்டியூப் என்ற சிறு ரப்பர் குழாய் போட்ட சாதாரணச் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்குமே அங்கு பம்ப் இருக்கும். நகத்தளவு பித்தளைத் துண்டுதான், ஆனால் அப்பாவின் ஸ்பானர் தொகுதியைவிட அதுவே உங்களுக்கு உதவும்.

களுதாவளைக் காற்று

இவ்வளவு சிரமம் எதற்கு? சக்கர விளிம்பின் துளையை 8.5 மில்லிமீற்றருக்குப் பெரிதாக்கிவிட்டால் எல்லாக் கடை டியூபும் பொருந்தும். நான் அப்படித்தான் செய்து ஓடுகிறேன்.

அக்கரைப்பற்றுச் சக்கரம்

தம்பி, அகலமான விளிம்பில் அதைச் செய்ய முடியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் துளைத்த ஓரத்தில் பிசிறு இருந்தால், அது வால்வின் அடியைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். அந்த இடத்தில் ஒட்டும் போட முடியாது. சரியான டியூப் வாங்க முடிகிற ஒருவருக்கு அந்த வேலையை நான் செய்து கொடுக்கமாட்டேன்.

வாவிக்கரை ஆசிரியை

மிக்க நன்றி, காக்கா. அப்படியானால் கருவிப் பையில் எவை இருக்க வேண்டும்? சொலூஷன் இறுகியதற்கும் காரணம் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றுச் சக்கரம்

சொலூஷன் குழாயை ஒருமுறை திறந்துவிட்டால், மூடியை எவ்வளவு இறுக்கினாலும் சில மாதங்களில் காய்ந்துவிடும். ஆதலால் திறக்காத சிறு குழாய் ஒன்றைப் பயணத்துக்கென்று தனியாக வையுங்கள். ஒட்டும்போது பொறுமை வேண்டும். டியூபை உரசி, சொலூஷனை மெல்லியதாகப் பூசி, ஈரம் போய் விரலில் லேசாக ஒட்டும் நிலை வரும்வரை ஐந்து நிமிடம் அளவில் காத்திருந்து, அதன் பின்னரே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும்.

புதிய டியூபும் ஒட்டுப் பெட்டியும் தவிர, பிளாஸ்ரிக் டயர் லெவர் இரண்டு, மெல்லிய வால்வுக்குப் பொருந்தும் கைப்பம்ப், 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் கீ எனப்படும் அறுகோணத் திறப்புகளும் செயின் கழற்றியும் ஒன்றாக அமைந்த மடிப்புக் கருவி, உங்கள் செயினின் வகைக்கேற்ற இணைப்புக் கண்ணி ஒன்று ஆகியவை போதும். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தால் பின் கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு வளையக்கூடும். அது ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறுபடுவதால் உங்களுடையதுக்கு மாற்றுத் துண்டு கிடைப்பது அரிது. அது முறிந்தால், பின் கியரைச் செயினிலிருந்து விலக்கி, செயினைச் சுருக்கி ஒரே பற்சக்கரத்தில் ஓட்டிக்கொண்டு வீடு வந்துவிடலாம்; செயின் கழற்றியைச் சொன்னது அதற்காகத்தான்.

இவற்றை முதுகில் சுமக்காதீர்கள். பழைய டியூபை நீளவாட்டில் வெட்டினால் நல்ல இழுவைப் பட்டி கிடைக்கும். முட்டித் தயிர் கொண்டுவருகிறவர்கள் கரியரில் கட்டுவது அதைக் கொண்டுதான். கருவிகளை ஒரு துணியில் சுற்றி, அந்தப் பட்டியால் இருக்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். குலுங்காது, கிலுகிலுக்காது.

இன்னுமொன்று. ஒரு மாலை நேரத்தில் வீட்டு முற்றத்தில் பின்சக்கரத்துக் காற்றைத் திறந்துவிட்டு, அந்தப் பொதியில் இருப்பவற்றை மட்டும் கொண்டு டியூபை மாற்றிப் பாருங்கள். வீட்டுக்குள் ஓடிப்போய் ஏதாவது எடுக்க நேர்ந்தால், பொதியில் குறைந்தது அதுதான்.

களுவாஞ்சிக்குடித் தாதி

தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதே தெரியாது. மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் வரை குடிக்க வேண்டும் என்று கொண்டால், ஆறு மணி நேரப் பயணத்துக்கு ஒருவருக்கு மூன்று முதல் நான்கரை லீற்றர் வரை ஆகும். நீங்கள் குறைக்கக் கூடாத பாரம் இது ஒன்றே. சைக்கிள் சட்டத்தில் இரண்டு போத்தல்களைப் பொருத்தி, மீதியை மட்டும் முதுகில் வையுங்கள். கிரான் சந்தியில் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு அப்பால் செல்லுங்கள். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வாய்க்கால் நீரைக் குடிக்கக் கூடாது. காலில் கீறல் இருந்தால் வயல் நீரில் இறங்குவதையும் தவிருங்கள். நம் பகுதியில் எலிக்காய்ச்சல் வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூள் இரண்டு பக்கற் வையுங்கள். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். கையளவு நீரில் கொட்டிக் குடித்தால் நன்மைக்குப் பதிலாகத் தீமையே விளையும். மீன் குழம்புச் சோற்றை வீடு திரும்பிச் சாப்பிடலாம். வழிக்கு எள்ளுருண்டை, வறுத்த மரமுந்திரி, நிலக்கடலையில் செய்த கச்சான் தட்டு போன்றவை கெடமாட்டா. கச்சான் காற்றுக்குக் கச்சான் தட்டு என்று என் மாமியார் பகிடியாகச் சொல்வார்.

காயத்துக்கு மருந்திட்ட துணி, ஒட்டுப்பட்டி, சுத்தமான நீளத் துணி ஒன்று ஆகியவை போதும். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். அப்படி வந்த நோயாளிகளைக் கண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

அம்பாறை மேட்டுவழி

நான் பெரும்பாலும் இங்கினியாகலைப் பக்கம் ஓடுகிறவன். கிரானுக்கு அப்பாலும் சில தடவை போயிருக்கிறேன். இரண்டு இடங்களுக்கும் பொதுவானது யானை. புலிபாய்ந்தகல்லைக் கடந்த பிறகு விடிந்தும் விடியாத நேரத்திலும், மாலை நான்கு மணிக்குப் பின்னரும் சைக்கிளில் இருக்காதபடி திட்டமிடுங்கள். ஒரு பஞ்சர் உங்கள் கணக்கை ஒரு மணி நேரம் பின்தள்ளிவிடும் என்பதை மறக்காமல், பகற்பயணம் ஆனாலும் முன்விளக்கும் பின்விளக்கும் எடுத்துச் செல்லுங்கள். பாதையில் புதிய சாணம் கிடந்தால் நின்று, சத்தம் ஏதும் வருகிறதா என்று செவிகொடுங்கள். வயற்காவல்காரர் எவரையாவது கண்டால் அவர் சொல்வதை நம்புங்கள். வாழைப்பழக் குலையைக் கரியரில் கட்டிச் செல்லும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

தொலைபேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இப்பயணத்தை மாரிக்குத் தள்ளிப் போடவும் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கி, மக்கள் தோணியில் கடக்கும் நிலை பல வருடங்களில் ஏற்பட்டிருக்கிறது.

வாவிக்கரை ஆசிரியை

எல்லோருடைய அறிவுரையையும் பின்பற்றி நேற்று மாலை முற்றத்தில் ஒத்திகை பார்த்தோம். முதன்முறை நாற்பது நிமிடம் சென்றது. பம்பின் வாயைத் திருப்பிப் பொருத்த வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டாம் முறை தம்பி பதினாறு நிமிடத்தில் முடித்தான். இடையில் ஒரு தடவை வீட்டுக்குள் ஓடினேன், கை துடைக்கத் துணி எடுப்பதற்கு. பழைய பனியன் துண்டு ஒன்றை இப்பொழுது பொதியில் சேர்த்துவிட்டோம். தண்ணீரை நீக்கிப் பார்த்தால் முதுகுப் பை ஒன்றரைக் கிலோதான் இருக்கிறது. பின்சக்கரத்தில் 33 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். அடாப்டர் மட்டும் மட்டக்களப்பில் நான் கேட்ட மூன்று கடைகளிலும் இல்லை.

அக்கரைப்பற்றுச் சக்கரம்

என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, தங்கச்சி. வெள்ளிக்கிழமை கல்முனைக்கு வருகிறேன். தம்பியை பஸ் நிலையத்துக்கு அனுப்பினால் இரண்டு கொடுத்துவிடுகிறேன். ஒன்றை வால்விலேயே திருகி விடுங்கள், மற்றதைப் பொதியில் வையுங்கள். அவ்வளவு சிறியதைக் கிரவலில் தவறவிட்டால் தேடி எடுக்க முடியாது.