தொடரின் கடைசிக் காட்சி பதிவாவதில்லை, மதிய மறுஒளிபரப்பில் படம் உடைகிறது – டிஷ்ஷைத் திருப்பலாமா?

கேள்வி

டிஷ் இணைப்பு. இரண்டு ட்யூனர் உள்ள (ஒரே நேரத்தில் இரண்டு சேனலை வாங்கும்) எச்டி செட்டாப் பாக்ஸ். பதிவுக்கு யுஎஸ்பி போர்ட்டில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் (2.5 அங்குலம், தனி அடாப்டர் கிடையாது). திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 9 மணிக்கு வரும் அரண்மனைக் காலத்துத் தொடர் ஒன்றுக்கு ‘சீரிஸ் ரெக்கார்டிங்’ போட்டிருக்கிறேன். மறுநாள் மதியம் 12 மணிக்கு மறுஒளிபரப்பு உண்டு. சிக்கல்கள்:

1. இரவுப் பதிவில் கடைசிப் பத்து நிமிடம் இருப்பதில்லை. தொடருக்கு முன்னால் நேரலை ஆட்டம் இருக்கும் நாளில்தான் இப்படி. அவசரச் செய்தி வந்த அன்றோ, தொடரின் பெயரில் ஒரு மணி நேரமும் செய்தியே பதிவாகியிருந்தது. மறுநாள் மறுஒளிபரப்பையும் பாக்ஸ் பதியவில்லை.

2. மதிய ஒளிபரப்பில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சில நிமிடம் ‘சிக்னல் இல்லை’ என்கிறது. பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. வானத்தில் மேகமே இல்லை. சிக்னல் ஸ்ட்ரெங்த் பட்டை முழுதாக இருக்கிறது.

3. பதிந்ததைப் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. அதே காட்சி நேரலையில் ஒழுங்காகத்தான் வந்தது.

4. மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளில் இருட்டெல்லாம் வளையம் வளையமாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம்?

பதில் 1

எந்தப் பக்கமும் வேண்டாம், நண்பரே. ஸ்பேனரைக் கீழே வையுங்கள். நாலும் நாலு வேறு கோளாறு. டிஷ்ஷுக்குத் தொடர்பிருக்கலாம் என்று சொல்லக்கூடியது இரண்டாவது மட்டும். அதற்கு முன் மூன்று விவரம் வேண்டும்: மதியம் உடைவது தினமும் ஒரே நேரத்திலா? அந்த ஒரு சேனலா, எல்லாச் சேனலுமா? எந்தத் தேதியிலிருந்து?

கேட்டவர்

தினமும் ஏறக்குறைய ஒரே நேரம். எல்லாச் சேனலும் போகிறது. மார்ச் தொடங்கிய பிறகுதான். முதலில் சில நொடி, பிறகு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வருகிறது.

பதில் 1

அப்படியானால் அது சூரியன். ஒளிபரப்புச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், நமக்கு ஆடாமல் அசையாமல் நிற்பது போல இருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, மார்ச்சிலும் செப்டம்பர் – அக்டோபரிலும், சூரியன் தினமும் சில நிமிடம் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ அலைகளை உமிழ்கிறது. அந்த இரைச்சல் எல்என்பிக்குள் (டிஷ்ஷின் கை முனையில் சிக்னலை வாங்கும் கருவி) கொட்டும்போது சிக்னல் அதில் மூழ்கிவிடும். உங்கள் ‘ஸ்ட்ரெங்த்’ பட்டை இறங்காததும் இதனால்தான். அது உள்ளே வரும் மொத்த ஆற்றலைக் காட்டுகிறது, இரைச்சலையும் சேர்த்து. பார்க்கவேண்டியது ‘குவாலிட்டி’ பட்டை. அந்த நேரத்தில் அது சரிந்திருக்கும்.

சில நாள் நீளும், உச்சத்துக்குப் போகும், பிறகு அதே போலக் குறைந்து நின்றுவிடும். செயற்கைக்கோள் உங்களுக்குக் கிழக்கே இருந்தால் காலையில் வரும், மேற்கே இருந்தால் பிற்பகலில். சிறிய டிஷ்ஷுக்குப் பார்வை அகலம் கூடுதல் (60 செ.மீ. டிஷ்ஷுக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி), அதனால் தடங்கலும் சற்று நீளும். செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த நாட்களில் டிஷ்ஷைத் திருப்பினால், சூரியன் விலகிய பிறகு குறி தப்பிய டிஷ்தான் மிஞ்சும்.

ஒரே ஒரு வேலைக்கு இந்த நேரத்தைப் பயன்படுத்தலாம். படம் போயிருக்கும் நிமிடங்களில் டிஷ்ஷின் தட்டைப் பாருங்கள், சூரியனைப் பார்க்க வேண்டாம். டிஷ்ஷின் கை, எல்என்பி இவற்றின் நிழல் தவிர, மரக்கிளை, கம்பி, சுவர் எதன் நிழலாவது தட்டில் விழுந்தால், அதே பொருள் செயற்கைக்கோளையும் மறைக்கிறது என்று அர்த்தம். இதைவிடத் துல்லியமான சோதனை கிடையாது, காசும் செலவில்லை.

பதில் 2

முதல் சிக்கலுக்கு வருகிறேன். பாக்ஸ் நிகழ்ச்சியைப் பார்த்துப் பதிவதில்லை, கைடில் (ஒளிபரப்பாளர் அனுப்பும் நிகழ்ச்சிப் பட்டியல்) உள்ள நேரத்தைப் பார்த்துத்தான் பதிகிறது. ஆட்டம் பத்து நிமிடம் நீண்டால் தொடர் 9.10-க்குத் தொடங்கும், ஒளிபரப்பாளர் கைடைத் திருத்தி அனுப்பாவிட்டால் பாக்ஸ் 10 மணிக்கு நிறுத்திவிடும். ரெக்கார்டிங் அமைப்புகளில் ‘முன்கூட்டித் தொடக்கம்’ 2 நிமிடம், ‘பின்நீட்டிப்பு’ 30 நிமிடம் என்று வையுங்கள். ‘டீப் ஸ்டாண்ட்பை’ அல்லது ‘ஈகோ’ இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் பாக்ஸுக்குக் கடைசி நேரக் கைடு திருத்தம் போய்ச் சேராது.

அவசரச் செய்தி விஷயம் வேறு. சீரிஸ் ரெக்கார்டிங் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் உள்ள அடையாள எண்ணை வைத்து வேலை செய்கிறது. அந்த எண்ணில் ஒரு பதிவு கையில் இருந்தால், ‘இது கிடைத்துவிட்டது’ என்று மறுஒளிபரப்பை விட்டுவிடும். உள்ளே ஓடுவது செய்தியா தொடரா என்று அதற்குத் தெரியாது. செய்தி பதிவாகியிருந்தால் உடனே அதை அழித்துவிடுங்கள். சில பாக்ஸ்கள் அதன் பிறகு மறுஒளிபரப்பைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். எடுக்காதவற்றில் சேனலையும் நேரத்தையும் கையால் கொடுத்து டைமர் போடுவதே வழி. சூரியத் தடங்கல் முடியும்வரை மதியப் பதிவில் ஓட்டை விழும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பதில் 3

30 நிமிட நீட்டிப்பை எல்லாப் பதிவுக்கும் பொதுவாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருப்பது இரண்டு ட்யூனர். 9 மணித் தொடரின் வால் 10.30 வரை நீண்டு, 10 மணிக்கு வேறு இரண்டு சேனலில் டைமர் இருந்தால், ஒன்றை பாக்ஸ் கைவிடும். எதைக் கைவிட்டது என்பது மறுநாள்தான் தெரியவரும். இந்தத் தொடருக்கு மட்டும் நீட்டிப்பு கொடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதே சேனலில் அடுத்து வரும் நிகழ்ச்சிக்கும் டைமர் போடுங்கள். ஒரே சேனல் என்பதால் நல்ல பாக்ஸ் இரண்டையும் ஒரே ட்யூனரில் முடித்துக்கொள்ளும். பழைய பாக்ஸ் இரண்டு ட்யூனரையும் பிடித்துக்கொள்ளக்கூடும், ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

திக்கல் பற்றி. எச்டி சேனல் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) என்று வைத்தால் நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. இரண்டு பதிவு, டைம்ஷிஃப்ட் (நேரலையை நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதி), ஒரு பிளேபேக் எல்லாம் சேர்ந்தாலும் நொடிக்கு 4 எம்பிதான். ஹார்ட் டிஸ்க்குக்கு இது தூசு, வேகம் காரணமில்லை. (பென் டிரைவ் என்றால் பதில் வேறு, ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் அவை திணறும்.)

இப்படிச் சோதியுங்கள்: எதுவும் பதிவாகாத நேரத்தில் ஒரு பதிவின் அதே பகுதியை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் திக்கினால் பதிவே சேதம், அதை மீட்க முடியாது. இடம் மாறி மாறித் திக்கினால் படிப்பதில் கோளாறு, பெரும்பாலும் மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும் என்பது விதி, 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை கேட்கக்கூடும். டிஸ்க் லேபிளில் 5 வோல்ட்டுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், பாருங்கள். அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் நடுவில் போட்டால் தீரும். டிஸ்க்கை மாற்றும் எண்ணம் வந்தால் ஒரு எச்சரிக்கை: புது டிஸ்க்கை பாக்ஸ் தன் முறையில் ஃபார்மட் செய்யும், அதில் இருந்ததெல்லாம் போய்விடும். பதிவுகள் பெரும்பாலும் அந்த பாக்ஸுக்கென்றே பூட்டப்பட்டவை. கணினியில் ஓடாது, பாக்ஸ் மாறினாலும் ஓடாது.

பதில் 2

நீட்டிப்பு பற்றிச் சொன்னது சரி, இந்தத் தொடருக்கு மட்டும் வைத்தால் போதும்.

மெழுகுவத்திக் காட்சிக்கு: அனுப்பும்போதே இருட்டுப் பகுதிக்குப் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) குறைவாகத்தான் ஒதுக்கப்படுகிறது. இழந்த விவரத்தை டிவி உண்டாக்கித் தராது, ஆனால் அசிங்கத்தைக் கூட்டாமல் இருக்கச் செய்யலாம். ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ ஆஃப். ‘ஷார்ப்னஸ்’ நன்றாகக் குறையுங்கள். ‘எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ மட்டும் ‘லோ’. ‘மோஷன் ஸ்மூத்திங்’ ஆஃப். பட்டாடையும் பல்லக்கும் நாடக மேடைச் சாமான் போலத் தெரிவதற்கு அதுதான் காரணம். பாக்ஸின் எச்டிஎம்ஐ ரேஞ்சும் (கறுப்பிலிருந்து வெள்ளைவரை எண்களில் அனுப்பும் அளவு) டிவியின் ‘பிளாக் லெவலும்’ ஒத்துப்போக வேண்டும்: ஒன்று 16–235, மற்றது 0–255 என்று இருந்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும், அல்லது நிழல் விவரமெல்லாம் கறுப்பில் புதைந்துபோகும்.

கேட்டவர்

அடாப்டர் ஹப் போட்டதும் திக்கல் நின்றது (இடம் மாறி மாறித்தான் திக்கியது). டிவி அமைப்பு மாற்றியதில் வளையம் குறைந்திருக்கிறது. சூரியத் தடங்கலின்போது டிஷ்ஷைப் பார்த்தேன்: கீழ் விளிம்பில் ஒரு கிளையின் நிழல் விழுகிறது. மழை வந்தால் எச்டி சேனல்கள் முதலில் போய், சாதாரணச் சேனல்கள் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கும் கிளைக்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 1

உண்டு. ஈர இலை இந்த அலைவரிசையை நன்றாகவே உறிஞ்சும். மழைத்துளியும் உறிஞ்சும், இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன. எச்டி முதலில் போவதற்குக் காரணம் பண்பேற்ற முறை, அதாவது தரவை அலையில் ஏற்றும் விதம்: கூடுதல் தரவை ஏற்றும் 8பிஎஸ்கே 3/4-க்கு ஏறத்தாழ 8 டெசிபல் சிக்னல்-இரைச்சல் விகிதம் தேவை, குறைவாக ஏற்றும் க்யூபிஎஸ்கே 3/4 அதே டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரநிலை) முறையில் 4 டெசிபலிலேயே ஓடும். எச்டி சேனல்கள் பலவும் முதல் வகை.

கிளையை வெட்டும் முன்பும் பின்பும், தெளிந்த வானில், சூரியத் தடங்கல் இல்லாத நேரத்தில், ஒரே எச்டி சேனலில் குவாலிட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் டெசிபலில் காட்டினால் 12-க்கு மேல் இருக்கட்டும், மழைக்கு 4 டெசிபல் கையிருப்பு. வெட்டிய பிறகும் எட்டவில்லை என்றால் அடுத்தது எல்என்பியில் உள்ள எஃப் கனெக்டர் (கேபிளின் திருகு முனை): பாக்ஸின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் கேபிளை நல்ல பகுதிவரை வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். நடுக்கம்பி 2–3 மி.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும், வலைக்கம்பியின் ஒரு இழைகூட அதைத் தொடக்கூடாது. எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினால் தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். டிஷ்ஷின் போல்ட்டைத் தொடுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.