சாட்ஸ்வொர்த் கோயில் தோட்டம்: பாத்திகளைப் பிரித்துக் கொடுப்பதா, சேர்ந்தே பயிரிடுவதா?

சாட்ஸ்வொர்த் தோட்டக்காரி:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருக் கோயிலுக்குப் பின்னால் ஏறத்தாழ கால் ஏக்கர் நிலம் பல ஆண்டுகளாகப் புதர் மண்டிக் கிடந்தது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது கடைகள் சூறையாடப்பட்டு, நெடுஞ்சாலைகளும் அடைபட்டு, ரொட்டிக்கும் பாலுக்கும் விடியுமுன்பே வரிசையில் நின்றோமே, அந்த வாரத்தில்தான் நம் சமையலுக்கு வேண்டியதில் ஒரு பங்கையாவது நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு எங்கள் தெருவில் எழுந்தது. கோயில் நிர்வாகத்தார் மனமுவந்து இடம் கொடுத்தார்கள். முதல் சனிக்கிழமை முப்பது பேருக்கு மேல் மண்வெட்டியுடன் வந்தார்கள். இன்று ஐந்து பேர்தான் மிஞ்சியிருக்கிறோம். அவர்களில் மூவர் அறுபதைக் கடந்தவர்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இதுவரை எல்லாப் பாத்திகளையும் பொதுவாகவே வைத்திருந்தோம். சனிக்கிழமை களை பறித்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால், முற்றாத கத்தரிக்காய்கூடச் செடியில் இருப்பதில்லை. யார் பறித்தார்கள் என்று கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சுகிறது. ஆகவே பாத்திகளைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.

இரண்டாவது, விதைப்பு. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று என் மாமனார் சொன்னதை நம்பி, சென்ற மாதம் சுரை, புடலை, பாகல் மூன்றையும் ஊன்றினோம். பெரும்பாலானவை முளைக்கவே இல்லை. முளைத்த சில சுரைக்கன்றுகளும் இரண்டு வித்திலைகளோடு வெளிறிப்போய், மூன்று வாரமாக ஒரு விரற்கடைகூட வளராமல் நிற்கின்றன. நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறோம். மண்ணில் குறையா, எங்களிடம் குறையா?

மெரபேங்க் முதியவர்:

மகளே, மண்ணிலும் குறையில்லை, உங்களிடமும் குறையில்லை. ஆடிப் பட்டம் என்பது தமிழ்நாட்டில் காவிரியில் புதுவெள்ளம் வந்து, மழையும் தொடங்கும் காலத்தைக் கணக்கில் வைத்துச் சொன்னது. நமக்கு ஆடி என்பது ஜூலை நடுவில் தொடங்கும் வறண்ட குளிர்காலம். டர்பனில் ஓராண்டில் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் விழுகிறது. கொடிக்காய்களுக்குச் சூடான மண் வேண்டும். குளிர்ந்த மண்ணில் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் விதை அழுகத்தான் செய்யும். புரட்டாசி பிறந்த பிறகு மறுபடி ஊன்றுங்கள். மடும்பி என்று நாம் சொல்லும் சேப்பங்கிழங்கையும் அப்போதே புதையுங்கள். தாய்க் கிழங்கைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு கிழங்குகளை முளை மேல்நோக்கி இருக்கும்படி நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மார்ச், ஏப்ரலில் தோண்டலாம்.

ஆடியை வீணாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொத்துமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, பட்டாணி ஆகியவை நம் கடற்கரைப் பகுதியின் குளிரை விரும்பி வளரும். நம்மவர் வீடுகள் பலவற்றில் புரட்டாசி முழுவதும் புலால் சேர்ப்பதில்லை என்பதால் அந்த மாதத்தில் காய்கறிச் செலவு கூடிவிடுகிறது அல்லவா? ஆடியில் விதைத்த முள்ளங்கியும் கீரையும் சரியாக அந்தச் சமையலுக்கு வந்து சேரும்.

இந்த அறிவெல்லாம் நம் முன்னோரிடம் இருந்தது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் உம்கேனி ஆற்றங்கரையிலும் கிளேர்வுட்டிலும் கேட்டோ மேனரிலும் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து டர்பன் நகருக்கே காய்கறி கொடுத்தார்கள். 1917 அக்டோபர் வெள்ளம் ஆற்றங்கரைத் தோட்டங்களையும் குடிசைகளையும் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகும் அதே கரையில் மீண்டும் பாத்தி கட்டினார்கள். வெள்ளத்தால் ஒழியாத அந்தத் தோட்டங்கள், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் மக்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தபோது ஒழிந்தன. என் ஆயா கேட்டோ மேனரில் ஒரு ஏக்கர் பயிரிட்டவர். மாற்று வீட்டின் கொல்லையில் அவரால் ஒரு முருங்கைக் கிளையையும் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும்தான் வைக்க முடிந்தது. உங்கள் கால் ஏக்கரை நான் சாதாரணமாக நினைக்காததற்கு அதுவே காரணம்.

எங்கள் பகுதியைப் போல ஆலைகளுக்கு அருகில் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து ஈயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பலகைச் சட்டம் அடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பித்தான் கீரை போடுகிறோம்.

டொங்காட் மருமகள்:

அக்கா, உங்கள் முதல் கேள்விக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தோம். அதுவும் சரிப்படவில்லை. வேலை மாறிப் போனவர்களின் பாத்திகளில் களை பூத்து, விதை பறந்து, அடுத்தவர் பாத்தியையும் கெடுத்தது. இப்போது விரைவில் பறிக்கும் கீரை, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைக் குடும்பப் பாத்திகளில் வைத்திருக்கிறோம். மடும்பி, மஞ்சள், பூசணி, வாழை போன்று மாதக்கணக்கில் நிற்பவற்றைப் பொதுவில் வைத்து, ஒரே நாளில் எல்லோரும் கூடி அறுவடை செய்து, அங்கேயே தராசு வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். நான்கு வாரம் தொடர்ந்து வராதவரின் பாத்தி காத்திருப்போருக்குப் போய்விடும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். எழுதி வைத்ததால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விதையைவிடவும் தண்ணீரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, பல மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நிற்கிறவர் செடிக்கு எதை ஊற்றுவார்? நூறு சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர் இறங்கும். கோயில் மண்டபக் கூரை அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். நிர்வாகத்தாரிடம் பேசி, முதல் மழைக்கு முன்பே ஒரு ஜோஜோ தொட்டியை, அதாவது பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை, வைத்துவிடுங்கள். கூரையைக் கழுவிவரும் முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அதன் பிறகு சேமியுங்கள்.

ஃபீனிக்ஸ் ஆசிரியர்:

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் களை என்று பிடுங்கி வேலியோரம் எறிந்த செடிகளை, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு ஜூலு அம்மையார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இம்புயா என்று அவர் காட்டியது நம் தண்டுக்கீரையின் உறவு. என் பாட்டி குப்பைக்கீரை என்று கடைந்து போட்டது அதைத்தான். தலைமுறை மாறியதில் நமக்கு மறந்துபோனதை அவர்கள் மறக்கவில்லை. அவரும் அவருடைய மகளும் இப்போது எங்கள் தோட்டத்தில் இரண்டு பாத்திகள் வைத்திருக்கிறார்கள். ஆள் வரவில்லை என்ற குறை எங்களுக்கு அதன் பிறகு பாதியாகக் குறைந்தது. உங்கள் அழைப்பு கோயிலுக்கு வருகிறவர்களோடு நின்றுவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்று குரங்கு. எங்கள் அவரைப் பந்தலை ஒரே காலையில் உருவிவிட்டுப் போயின. பாகல், மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றை அவை தொடவில்லை என்பதால் வேலியோரத்தில் அவற்றையே நிறுத்தி, பழமும் அவரையும் உள்ளே வலைக்குக் கீழ் வைத்திருக்கிறோம்.

மிஞ்சுவதை விற்பதாக இருந்தால் டர்பன் நகரின் வார்விக் விடியற்காலைச் சந்தை வியாபாரிகளிடம் பேசிப் பாருங்கள். 2009-இல் அந்தச் சந்தையை அகற்றி வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டபோது எதிர்த்து நின்று காப்பாற்றியவர்கள் அவர்கள். சிறு தோட்டத்தின் அருமை தெரிந்தவர்கள். எங்களுக்கு அவர்கள் கழித்த கோஸ் இலைகளை மூட்டை மூட்டையாக உரத்துக்குக் கொடுக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் தோட்டக்காரி:

ஐயா, தங்கையே, ஆசிரியரே, மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மாமனாரிடம் மழைக் கணக்கைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சிறுவயதில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தம் தந்தையோடு பாகல் விதை ஊன்றியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்றார். பழமொழி வாயில் நின்றுவிட்டது, வேலை மறந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமை சுரைக்கன்றுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முள்ளங்கியும் வெந்தயமும் தூவுகிறோம். குடும்பப் பாத்தி பன்னிரண்டு, மீதி பொது என்று கயிறு கட்டி அளந்து வைத்திருக்கிறோம். தொட்டிக்காக மண்டபக் கூரையை அளந்தேன். நூற்று நாற்பது சதுர மீட்டர் வருகிறது. கோயிலுக்கு எதிரே சாலைக்கு அப்பால் இருக்கும் குடியிருப்புக்கும் அழைப்பு எழுத வேண்டும். ஜூலு மொழியில் நான்கு வரி பிழையில்லாமல் எழுதித் தரக்கூடியவர்கள் இங்கே இருந்தால் தெரிவியுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அச்சிட வேண்டும்.