மறுமொழி: ஈரச்சரிவா, ஈரவாட்டமா?

வணக்கம் அண்ணா,

டாரன்டுலா எனும் பெருஞ்சிலந்தியை வளர்ப்பவர்களுக்கான கையேட்டில், பெட்டிக்குள் ஈரம் இடத்துக்கு இடம் மாறுவதை (moisture gradient) எப்படிச் சொல்வது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> பெட்டியின் ஒரு மூலை ஈரமாகவும் மறு மூலை காய்ந்தும், நடுவில் படிப்படியாக மாறுவதை ‘ஈரச்சரிவு’ எனலாமே?

சரிவு என்றாலே எனக்குப் பங்குச்சந்தைதான் ஞாபகம் வருகிறது. “பெட்டியில் ஈரச்சரிவு வேண்டும்” என்று படிப்பவர், ஈரம் குறையவேண்டும் போல என்று தண்ணீர்க் கிண்ணத்தையே எடுத்துவிடுவார். இலங்கைப் பாடநூல்களின் ‘படித்திறன்’ துல்லியமான சொல். ஆனால் கணக்கு வகுப்பை விட்டு வெளியே வருவதில்லை.

நான் ‘ஈரவாட்டம்’ என்கிறேன். போன மாதம் எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் குளியலறைத் தரையை மாற்றினோம். ஓடு பதித்த மறுநாளே மூலையில் தண்ணீர் தேங்கியது. பார்க்க வந்த புதுக்கோட்டைத் தம்பி ரசமட்டத்தை எடுக்கவேயில்லை. சுவரோரம் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். “வாட்டம் உள்பக்கமா போகுதுக்கா.” அவ்வளவுதான். சாய்வு என்பதோடு எந்தப் பக்கம் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

டாரன்டுலா கையேட்டுக்கு அந்தத் திசைதான் முக்கியம். மேலே சூடு ஏறினால் சிலந்தி மண்ணைத் தோண்டிக் கீழே போகும். கீழே குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும் என்பது அதன் கணக்கு. குளிர்நாட்டில் சிலர் பெட்டிக்கு அடியில் சூட்டுப்பாய் வைத்துவிடுகிறார்கள். வாட்டம் தலைகீழாகிறது. தப்பிக்கத் தோண்டுகிற சிலந்தி நேராகச் சூட்டை நோக்கியே போகிறது. பாய் வைத்தே ஆகவேண்டுமென்றால் பக்கச் சுவரில்தான். தண்ணீரும் அப்படித்தான்: மேலே தெளித்துக்கொண்டே இருந்தால் மேற்பரப்பு நசநசத்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு மூலையில் மெதுவாக ஊற்றினால் பெட்டியில் பரப்பிய தேங்காய் நார்த்தூளின் அடி நனையும், மேலே காய்ந்திருக்கும். கோலியாத் போன்ற மழைக்காட்டு வகைகளுக்கு இது அவசியம். சிலி நாட்டு ரோஜாச் சிலந்திக்குக் காய்ந்த தரையும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும்.

> நீங்களே வளர்க்காமல் எப்படி...

சிங்கப்பூரில் டாரன்டுலா வளர்க்க அனுமதி இல்லை அண்ணா! கையேடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. எங்கள் வீட்டில் இருப்பது துறவி நண்டு, காலிச் சங்குக்குள் குடியிருக்குமே, அது. அதற்குச் செவுள் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். விடியற்காலையில் வெளியே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, ஆனால் ஏர்கான் ஓடும் அறையில் ஈரப்பதமானியின் முள் மடமடவென இறங்குகிறது. அன்றைக்கெல்லாம் இரண்டு நண்டும் ஈரமணல் மூலையில்தான் கிடக்கும். முள்ளைவிட அவைதான் வாட்டத்தைச் சரியாகக் காட்டுகின்றன.

ஒரு சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். வெப்பத்துக்கு இந்தச் சொல் உதவாது. ‘வெப்பவாட்டம்’ என்றால் வெயிலில் வாடிய செடி; ‘சூட்டுவாட்டம்’ என்றால் அடுப்பில் வாட்டிய வாழையிலை. இப்போதைக்கு ‘சூடான பக்கம், குளிர்ந்த பக்கம்’ என்றே எழுதிவைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் அனுப்புங்கள்.