ஆஃபர் லெட்டர்ல இல்லாத வாக்குக்கு மதிப்பு இருக்கா?

சேரும்போது மேனேஜர் "ஒரு வருஷம் நல்லா பண்ணுங்க, டீம் லீட் ஆக்கிடலாம்"னாரு, அத நம்பி லீவு நாள்லயும் கால் அட்டெண்ட் பண்ணி ஓடினேன், இப்ப அவரு போயிட்டாரு, புதுசா வந்தவரு "எழுத்துல எங்க இருக்கு?"ன்னு கேக்குறாரு. நான் எதிர்பார்த்தது தப்பாங்க?

பதில் 1:
தப்பே இல்ல. இதுக்கு சைக்கலாஜிக்கல் கான்ட்ராக்ட்னு, அதாவது எழுத்துல இல்லாம மனசுல இருக்கற ஒப்பந்தம்னு பேரே இருக்கு. 1960லயே கிறிஸ் ஆர்கிரிஸ்ங்கற மேனேஜ்மென்ட் ஆராய்ச்சியாளர் இதப் பத்தி எழுதிட்டாரு, அப்புறம் 1989ல டெனிஸ் ரூஸோங்கற இன்னொரு ஆராய்ச்சியாளர் இது ஊழியர் மனசுல இருக்கற நம்பிக்கைன்னு விளக்கினாங்க. சிக்கலே அங்கதான், நீங்க டீல்னு நினைச்சது புது ஆளுக்கு தெரியவே தெரியாது, சொன்னவரோட சேந்து அதுவும் கிளம்பிடுச்சு.

பதில் 2:
சரி, ராத்திரி மெசேஜுக்கு உடனே ரிப்ளை பண்ணணும், ஆள் குறைஞ்சா அவங்க வேலையும் சேத்து பாக்கணும், இதெல்லாம் மட்டும் எந்த பேப்பர்ல இருக்காம்? கம்பெனி எதிர்பார்த்தா அது கமிட்மென்ட், நாம எதிர்பார்த்தா பேராசையா 😏

பதில் 3:
ஆதங்கம் புரியுது, ஆனா கோர்ட்டுக்கெல்லாம் இது நிக்கறது கஷ்டம். பழைய மேனேஜர் அப்ரைசல்ல ஏதாவது எழுதியிருந்தா தேடி எடுங்க, புது ஆள்கிட்ட பேசின அன்னைக்கே "நாம பேசினபடி"ன்னு ஒரு மெயில் தட்டி விடுங்க. அதுக்கு அவரு பதிலே போடலன்னா ரெஸ்யூமே அப்டேட் பண்ணிடுங்க.