குடும்பக் குழு: வாயுவை மேலிருந்து அளப்பது எப்படி?

ரவி மாமா: கதிர், கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்கே தெரியாது. 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் அதை எப்படி அளக்கிறது?

கதிர்: வாயுவை நேராகப் பார்ப்பதில்லை மாமா. தரையில் பட்டுத் திரும்புகிற வெயிலில் எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கிறது.

கதிர்: 1.61, 2.06 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளங்களை ஒட்டி இந்த வாயு ஒளியை உறிஞ்சும். ஒளியை நுணுக்கமாகப் பிரித்தால் அங்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். வாயு கூடக்கூட கோடு ஆழமாகும்.

யாழினி: மலை மேல் காற்றே குறைவு, கோடும் ஆழம் குறையுமே அண்ணா? அங்கே கார்பன் கம்மி என்று தப்பாகச் சொல்லிவிடாதா?

கதிர்: சொல்லிவிடும், ஆக்சிஜன் மட்டும் இல்லை என்றால். 0.76 மைக்ரானில் அதையும் சேர்த்து அளக்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். அதை வைத்து ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்று கண்டுபிடித்து, கார்பன் டை ஆக்சைடு அளவை அதால் வகுத்துவிடுவார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

யாழினி: 👏👏

செல்வி அத்தை: மேகம் மறைத்தால்?

கதிர்: அந்த அளவீட்டைத் தள்ளிவிடுவார்கள் அத்தை. பெரும்பாலானவை அப்படித்தான் கழிந்துபோகும். அதைவிடத் தொல்லை மெல்லிய மேகமும் தூசியும். ஒளி பாதி வழியிலேயே சிதறித் திரும்பிவிடும், கணக்கு கெட்டுவிடும். 420க்கு மேலான அளவில் 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். பெரிய நகரத்தின் மேலேயே சில பிபிஎம்தான் கூடுதலாக இருக்கும்.

ரவி மாமா: சரி, முதலில் அனுப்பியது நாசாவா?

கதிர்: ஜப்பான் மாமா. இதற்கென்றே கோசாட் என்ற செயற்கைக்கோளை 2009 ஜனவரியில் அனுப்பியது. அடுத்த மாதமே நாசா தன் செயற்கைக்கோளான ஓசிஓவை ஏவியது. செயற்கைக்கோளை மூடியிருந்த ராக்கெட்டின் முனைக்கூடு கழலவில்லை, சுற்றுப்பாதையை எட்டாமலே விழுந்துவிட்டது.

செல்வி அத்தை: அடடா. எத்தனை வருட உழைப்பு!

கதிர்: ஆமாம் அத்தை, கேட்டாலே மனசு கனத்துப்போகும். ஆனால் அந்தக் குழு சும்மா இருக்கவில்லை. ஜப்பான்காரர்களோடு சேர்ந்து கோசாட் தரவில் தங்கள் கணக்கீட்டு முறையைச் சோதித்துச் சரிசெய்தார்கள். 2014 ஜூலையில் ஓசிஓ-2 போனது.

யாழினி: ராத்திரியில் என்ன செய்யும்?

கதிர்: வெயில் இல்லாமல் இந்த முறை நடக்காது. துருவப் பக்கம் குளிர்காலத்தில் பல வாரம் தரவே இருக்காது. அதனால்தான் லேசர். 2022இல் சீனா அனுப்பிய டாச்சி-1 தன் ஒளியைத் தானே கீழே அனுப்பி அளக்கிறது.

யாழினி: அப்போ இரவிலும் அளக்குமா!

கதிர்: அளக்கும்.